வியாழக்கிழமை எப்போ முடியுது?

எனக்கு மூக்குக்கு மேல கோபம் வரும். கடலூர் ஓ.டி.யில, அதான் பழைய டவுன்ல, எங்க பங்குச் சாமியாருக்குக்கூட அது தெரியும். பாவசங்கீர்த்தனத்துல வேற எதையும் சொல்லாம முதல்ல கோபத்தைத்தான் சொல்லுவேன், அவரும் "தெரியும்மா, மேல சொல்லு"ம்பாரு. அதனால அந்த ஜனவரி மாசம் வீட்டுல என்னைக் கேக்காமலே ஒரு முடிவு எடுத்தாங்கன்னு தெரிஞ்சப்போ நான் தட்டைத் தூக்கிப் போடலைன்னு அம்மாவுக்கே ஆச்சரியம்.

முடிவு என் கல்யாணம். புதுச்சேரியிலேருந்து ஒரு மாப்பிள்ளை வந்திருந்தாரு. நல்ல உத்தியோகம், நல்ல குடும்பம், அம்மாவோட தம்பி, அதாவது என் மாமா, கொண்டுவந்த இடம். மாப்பிள்ளையோட அம்மா எங்க வீட்டுல காபி குடிச்சுக்கிட்டே, "எங்க வீட்டு மருமவ வேலைக்கெல்லாம் போவ வேண்டியதில்ல"ன்னு சொல்லிட்டாங்க. பெரிய மனசு பண்ணிச் சொன்ன மாதிரி சொன்னாங்க. நான் மெட்ராஸ்ல ஹாஸ்டல்ல தங்கி கணக்குல எம்.எஸ்ஸி. முடிச்சுட்டு வந்தவ. நான் பசங்களுக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கணும். வேற ஒண்ணும் வேணாம். அப்படி ஒரு ஆசை, பைத்தியம்னே வெச்சுக்கோங்க.

நல்லவேளையா அதே வாரம் சிதம்பரத்துல ஒரு காலேஜ்லேருந்து இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டாங்க. புவனகிரி ரோட்டுல புதுசா ஆரம்பிச்ச காலேஜ். கணக்கு வாத்தியார் ஒருத்தர் வருஷ நடுவுல வேற ஊருக்குப் போயிட்டாராம். அப்பா துறைமுகத்துல கிளார்க். நியாயஸ்தர். அவரு நடுவுல பூந்து, "வேலை கிடைச்சா கல்யாணத்தை ஒரு வருஷம் தள்ளிப் போடுவோம். கிடைக்கலைன்னா தவக்காலம் ஆரம்பிக்கிறதுக்குள்ள கல்யாணம்"னு தீர்ப்பு சொன்னாரு. தவக்காலத்துல கோவில்ல கல்யாணம் நடக்காது, அதனால அதுக்குள்ள முடிச்சுடணும்னு எல்லாருக்கும் அவசரம். எனக்கோ வேலை கிடைச்சே ஆகணும்னு ஒரு வெறி.

கூடத் துணைக்கு வந்தவரு யாரு தெரியுமா? மாமாதான். எனக்கு வேலை கிடைக்கக் கூடாதுன்னு மனசார வேண்டிக்கிட்டவரே என்னைக் கூட்டிக்கிட்டுப் போறாரு! மாமா கெட்டவரு இல்ல. மாப்பிள்ளை வீட்டுக்கு வாக்குக் கொடுத்துட்டாரு, அவ்வளவுதான். ரயில்ல ஜன்னலோர இடம் எனக்குப் புடிச்சுக் கொடுத்தாரு, ஆலப்பாக்கத்துல வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தாரு, அப்புறம் மெதுவா ஆரம்பிச்சாரு.

"என்ன பாடம் நடத்தச் சொல்லியிருக்காங்க?"

பாடம் முன்னாடியே சொல்லியிருந்தாங்க. அப்போ காலேஜுல முதல் வருஷமா இருந்த பி.யு.சி. பசங்களுக்கு ஒரு வகுப்பு எடுத்துக் காட்டணும். ஃபங்ஷன்னு ஒண்ணு. அதுவும் முழுசுக்கும் ஒரே ஃபார்முலா இல்லாம துண்டு துண்டா வர்ற ஃபங்ஷன். அதோட டொமைன், ரேஞ்ச் கண்டுபுடிக்கணும், கிராஃப் போடணும். இப்போ புத்தகத்துல சார்பு, சார்பகம், வீச்சகம்னு அழகா போடுறாங்க. அப்போ எங்களுக்கு எல்லாமே இங்கிலீஷ்தான். பாடமே சிலபஸ்ல புதுசு. நிறைய வாத்தியாருங்களே அதைத் தொடப் பயந்து கடைசிக்குத் தள்ளிவிடுவாங்க.

மாமாவுக்கு எப்படிச் சொல்றது? எனக்கு வாய் சும்மா இருக்குமா? "மாமா, நாம இப்போ போறோமே, இதுவே ஒரு ஃபங்ஷன்தான்"னேன். "நீங்க ஒரு நேரம் சொல்லுங்க, நான் கடலூர்லேருந்து எவ்வளவு தூரம் வந்திருக்கோம்னு சொல்றேன். நேரம் உள்ள போவுது, தூரம் வெளிய வருது. ஒரு நேரத்துக்கு ஒரே ஒரு தூரம்தான் வரும். அதான் ஃபங்ஷன்."

"சரி."

"வண்டி ஓடும்போது கோடு மேல ஏறும். ஸ்டேஷன்ல நிக்கும்போது நேரம் போவுது, தூரம் போவல. அப்போ கோடு படுத்துடும். மறுபடி ஏறும். ஓடுறதுக்கு ஒரு ஃபார்முலா, நிக்கிறதுக்கு ஒரு ஃபார்முலா. துண்டு துண்டா இருந்தாலும் ஃபங்ஷன் ஒண்ணுதான். நாம வண்டி ஏறின நேரத்துலேருந்து இறங்குற நேரம் வரைக்கும் எந்த நேரம் வேணும்னாலும் கேக்கலாம், அது டொமைன். பதிலா வரக்கூடிய தூரம் எல்லாம் சேர்ந்தது ரேஞ்ச்."

மாமா கடலைத் தோலை ஊதினாரு. "இந்த வண்டி சிதம்பரத்தோட நிக்கிறதில்லையே. மாயவரம் வரைக்கும் போவுதே, அதெல்லாம்?"

"நம்ம டிக்கெட் சிதம்பரம் வரைக்கும்தான் மாமா. அதுக்கு அப்புறம் வண்டி எங்க போனா நமக்கென்ன? அது நம்ம டொமைன்ல இல்ல."

"இதைக் கண்டுபுடிக்கவா உங்கப்பன் உன்னை மெட்ராஸ்ல படிக்க வெச்சான்?"ன்னாரு மாமா. சிரிச்சுட்டேன். ஆனா உள்ளுக்குள்ள அவரு கேட்ட கேள்வி எனக்கு ரொம்பப் புடிச்சுது. நல்ல மாணாக்கன்தான் அந்தக் கேள்வியைக் கேப்பான்.

ஒரே ஒரு குறை. ரயில் கதையில குதிக்கிறது கிடையாது. ரயில் ஒரு இடத்துலேருந்து மறைஞ்சு இன்னொரு இடத்துல முளைக்காது. ஆனா பாடத்துல வர்ற கிராஃப்ல கோடு பாதியில நின்னுபோயி, வேற உயரத்துல மறுபடி ஆரம்பிக்கும். அதுக்கு ஒரு உதாரணம் வேணும், பசங்களுக்குத் தெரிஞ்ச உதாரணம். பரங்கிப்பேட்டை தாண்டி வெள்ளாத்துப் பாலத்துல வண்டி தடதடன்னு போறப்போ எனக்குப் பளிச்சுன்னு வந்துச்சு. கிழமை! வியாழக்கிழமை மெதுவா வெள்ளிக்கிழமையா மாறுதா? இல்லியே, ஒரே நொடியில டக்குன்னு மாறுது! ராத்திரி பன்னெண்டு மணி அடிச்சா அடுத்த நாள். கிறிஸ்மஸ் பூசைக்கு நடு ராத்திரியில கண்ணைக் கசக்கிக்கிட்டு நின்னு, மணி அடிச்சதும் பாலன் ஏசு பொறந்துட்டாருன்னு துள்ளின புள்ளைக்கு இதைவிட நல்ல உதாரணம் எங்க கிடைக்கும்? "மாமா, கிடைச்சுடுச்சு!"ன்னு கத்திட்டேன். எதிர் சீட்டுல தூங்கிக்கிட்டு இருந்தவரு முழிச்சுப் பாத்தாரு. மாமாவுக்கு என்ன கிடைச்சுதுன்னே புரியல, தலையில அடிச்சுக்கிட்டாரு.

காலேஜ்ல எங்களை வராண்டாவுல உக்கார வெச்சாங்க. கொஞ்ச நேரத்துல பிரின்சிபால் வந்து என்னைக் கூட்டிக்கிட்டுப் போனாரு. மாமா வராண்டாவுலயே இருந்துட்டாரு. வகுப்புல கடைசி வரிசையில ரெண்டு நாற்காலி போட்டிருந்தாங்க. ஒண்ணுல கணக்குத் துறைத் தலைவர், நெத்தி நிறைய விபூதி, கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தாரு. இன்னொண்ணு கரஸ்பாண்டென்ட்டுக்கு. காலேஜை நடத்துறவரு அவருதான், நெல் மில்லும் வெச்சிருந்தாரு. அவரு இன்னும் வரல. முன் பெஞ்சுல நாலஞ்சு பொண்ணுங்க, பின்னாடி எல்லாம் பசங்க. பொம்பள வாத்தியாரைப் பாத்ததும் ஒரு பய மெதுவா விசில் அடிச்சான். எனக்கு ரத்தம் தலைக்கேறுச்சு. இன்னிக்குக் கோபப்பட்டா தவக்காலத்துக்கு முன்னாடி கல்யாணம்டின்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு, போர்டு பக்கம் திரும்பினேன்.

முதல்ல புத்தகக் கணக்கு ஒண்ணு. எக்ஸ்ங்குறது மைனஸ் ரெண்டுலேருந்து ஒண்ணு வரைக்கும் போனா விடை எக்ஸ் ஸ்கொயர், ஆனா ஒண்ணு மட்டும் அதுல சேராது. ஒண்ணுலேருந்து நாலு வரைக்கும் விடை எப்பவும் மூணு. கோடு இடது பக்கம் நாலு உயரத்துல ஆரம்பிச்சு, இறங்கி, பூஜ்யத்தைத் தொட்டு, மறுபடி ஏறி ஒண்ணு உயரத்துக்கு வந்து நிக்குது. அங்க ஒரு சின்னக் காலி வட்டம் போட்டேன். "இந்தப் புள்ளி இந்தத் துண்டுக்குச் சொந்தமில்ல"ன்னு அர்த்தம். அதே நேர்மேல, மூணு உயரத்துல, நல்லா அடைச்சு ஒரு புள்ளி. "இது சொந்தம்." அங்கேருந்து கோடு படுத்த மாதிரி நாலு வரைக்கும் போவுது.

"டொமைன் என்ன?"

"மைனஸ் ரெண்டுலேருந்து நாலு வரைக்கும், மிஸ்." பசங்க சரியாத்தான் சொன்னாங்க. அடிக்கோட்டுல எங்கயும் ஓட்டை இல்ல.

"ரேஞ்ச்?"

கொஞ்சம் குசுகுசுன்னு பேசிக்கிட்டு, பூஜ்யத்துலேருந்து நாலு வரைக்கும்னாங்க. நான் எழுதப் போனேன். அப்போ பின்னாடியிலேருந்து துறைத் தலைவர் வாயைத் திறந்தாரு. "ஒரு நிமிஷம். ரேஞ்ச்ல ஒண்ணு உண்டா?"

வகுப்பே, "இல்ல சார்! அங்க காலி வட்டம் இருக்குது!"ன்னு கோரஸ் பாடுச்சு. எனக்கும் கை அப்படியே நின்னுபோச்சு. ஒண்ணுங்குற உயரத்துலதானே காலி வட்டம் போட்டிருக்கேன்? அப்போ ஒண்ணைக் கழிக்கணுமா? அந்த ஒரு கணம் புதுச்சேரி மாமியாரோட முகம் கண்ணு முன்னாடி வந்துச்சு, பொய்யில்ல. அப்புறம் போர்டைப் பாத்தேன். இடது பக்கம் கோடு இறங்கி வர்ற வழியில அதே ஒண்ணு உயரத்தைத் தாண்டித்தானே வந்திருக்கு! மைனஸ் ஒண்ணோட ஸ்கொயர் ஒண்ணுதானே!

"உண்டு சார்!"னு நான் போட்ட சத்தத்துல முன் பெஞ்சுப் பொண்ணு பேனாவைக் கீழ போட்டுட்டா. ஸ்கேலை எடுத்து ஒண்ணு உயரத்துல படுக்க வெச்சேன். "இங்க பாருங்க. ஒண்ணை இந்த வாசல்ல உள்ள விடல. அது கொல்லை வழியா ஏற்கெனவே உள்ள வந்து உக்காந்துடுச்சு. காலி வட்டத்தைப் பாத்ததும் ரேஞ்சுலேருந்து கழிச்சுடாதீங்க. வேற எங்கேயாவது அந்த உயரம் வருதான்னு பாத்துட்டு அப்புறம் கழிங்க." துறைத் தலைவர் கட்டியிருந்த கையை அவுத்தாரு. அது போதும் எனக்கு, றெக்கை முளைச்ச மாதிரி ஆயிட்டேன்.

விசில் அடிச்ச பயலைப் போர்டுக்குக் கூப்பிட்டேன். யாருன்னு எனக்குத் தெரியும், அவன் காது மட்டும் சிவந்திருந்துச்சு. சுலபமான கணக்குதான் கொடுத்தேன். பூஜ்யத்துக்கு இந்தப் பக்கம் விடை மைனஸ் ஒண்ணு, பூஜ்யத்துலேருந்து அந்தப் பக்கம் ப்ளஸ் ஒண்ணு. அவன் ரெண்டு கோடும் ஒழுங்கா போட்டான், வட்டமும் புள்ளியும் ஒழுங்கா வெச்சான். போட்டுட்டு, கீழ இருக்குற வட்டத்துலேருந்து மேல இருக்குற புள்ளிக்குச் செங்குத்தா ஒரு கோடு இழுத்துச் சேர்த்துட்டான்.

"அதை ஏன்டா சேர்த்த?"

"தொங்கிக்கிட்டு நிக்குது மிஸ். பாக்கப் பாவமா இருந்துச்சு."

வகுப்பு கொல்லுன்னு சிரிச்சுது. அந்த நேரம் பாத்து கரஸ்பாண்டென்ட் உள்ள வந்து நாற்காலியில உக்காந்தாரு. கூத்தடிக்கிறாங்கன்னு நெனைச்சிருப்பாரு. ஆனா என் உதாரணத்துக்கு இதைவிட நல்ல நேரம் வருமா? "சேர்க்கலாமா கூடாதான்னு இப்போ பாப்போம்"னு போர்டை அழிச்சேன்.

அடிக்கோட்டுல இன்னிக்கு வியாழக்கிழமை மத்தியானம் பன்னெண்டுலேருந்து நாளைக்கு மத்தியானம் பன்னெண்டு வரைக்கும் நேரம். அது டொமைன். மேல கிழமை. ஞாயித்துக்கிழமையை ஒண்ணுன்னு வெச்சா வியாழன் அஞ்சு, வெள்ளி ஆறு. "நேரத்தைச் சொன்னா என்ன கிழமைன்னு இந்த ஃபங்ஷன் சொல்லும். ரேஞ்ச்ல ரெண்டே ரெண்டு எண்ணுதான், அஞ்சும் ஆறும்"னு சொல்லி, அஞ்சு உயரத்துல கோடு இழுத்து, சரியா ராத்திரி பன்னெண்டுல காலி வட்டம் போட்டேன். ஆறுல அடைச்ச புள்ளி. கோடு. முடிஞ்சுது. "இப்போ நீ இழுத்த மாதிரி நடுவுல ஒரு கோடு இழுத்தா என்ன அர்த்தம்? ராத்திரி பன்னெண்டு மணிக்கு அஞ்சேகால் கிழமை, அஞ்சரைக் கிழமை, அஞ்சே முக்கால் கிழமை எல்லாம் ஒரே நேரத்துல இருக்குதுன்னு அர்த்தம். நீ என்ன அஞ்சரைக் கிழமையிலயா பொறந்த?"

சிரிப்பு. அவனே சிரிச்சுக்கிட்டு அழிச்சான். நான் உச்சியில நிக்குறேன். அப்போ நடு வரிசையிலேருந்து ஒரு பையன் எழுந்தான். பரங்கிப்பேட்டைப் பையன், தலையில தொப்பி, நோன்பு மாசம், உதடு வறண்டு கெடக்கு.

"மிஸ், நான் பரங்கிப்பேட்டை. எங்க வூட்டுல அப்படி இல்ல. பொழுது சாஞ்சு மஃரிப் ஆயிட்டாலே அடுத்த நாளுதான். இன்னிக்கு சாயங்காலமே வெள்ளிக்கிழமை ராவு."

நான் வாயைத் திறக்குறதுக்குள்ள ஜன்னல் பக்கத்துலேருந்து இன்னொருத்தன். சிதம்பரம் கோவிலை ஒட்டின கீழ வீதிப் பையன். "அதெப்படி? எங்க கீழ வீதியில பொழுது விடிஞ்சாத்தான் அடுத்த கிழமை. பஞ்சாங்கத்துல அப்படித்தான் இருக்குது. விடியக்காலை நாலு மணிக்குப் பொறந்தவனுக்குக்கூட முதல் நாள் கிழமையைத்தான் ஜாதகத்துல எழுதுவாங்க."

"டேய், ரயில்வே டயத்துல பன்னெண்டுதான்டா!"

"பிறையைப் பாத்துட்டு ராத்திரியே பெருநாள்னு சொல்றாங்களே, அது எப்படியாம்?"

அவ்வளவுதான், வகுப்பு சந்தைக்கடை ஆயிடுச்சு. ஆளாளுக்கு எழுந்து நிக்கிறான். மிஸ் போட்டது தப்புன்னு ஒருத்தன், நீ சும்மா இருடான்னு ஒருத்தன். கரஸ்பாண்டென்ட், பிரின்சிபால் எங்கன்னு தேடுற மாதிரி வாசலைப் பாக்குறாரு. இதுல கொடுமை, பின்னாடி துறைத் தலைவரே தாடையைத் தடவிக்கிட்டு, "சூரியோதயம்தான் சரி"ன்னு முணுமுணுக்குறாரு! ஜன்னலுக்கு வெளிய பாத்தா மாமா தலை. சந்தோஷமா இருக்காரு மனுஷன்.

எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோபம். டஸ்டரை மேசையில ஓங்கி அடிச்சேன். சாக்பீஸ் தூள் பறந்துச்சு. "வாயை மூடுங்கடா!"ன்னு சொல்லத்தான் திரும்பினேன். திரும்பினவ போர்டைப் பாத்தேன். நான் போட்ட பன்னெண்டு மணியைப் பாத்தேன். அது சரிதான், ஆனா அது என் வீட்டுக் கணக்கு. எங்க கோவில் மணியைக் கேட்டு வளர்ந்தவ போட்ட கோடு அது. ஐயோ, இது தப்பில்ல, இது லட்டு! கையில லட்டைக் கொடுத்தா வேணாம்பாளா ஒருத்தி?

"உக்காருங்க! மூணு பேரு சொன்னதும் சரி!"ன்னேன். எல்லாரும் உக்காந்தாங்க. "பரங்கிப்பேட்டை, நீ வா. பச்சை சாக்பீஸ் எடு. உன் வீட்டுக் கிழமையை வரை. கீழ வீதி, நீ மஞ்சள்."

ரெண்டு பேரும் வந்தாங்க. ஒரே அடிக்கோடு, ஒரே அஞ்சு, ஒரே ஆறு. பச்சைக் கோடு பொழுது சாயுற நேரத்துலயே மேல குதிச்சுது. என் வெள்ளைக் கோடு நடு ராத்திரியில. மஞ்சள் கோடு விடியிற வரைக்கும் கீழயே படுத்திருந்து அப்புறம் எழுந்துச்சு. போர்டைப் பாக்கப் பாக்க எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுது. சத்தியமாச் சொல்றேன், எம்.எஸ்ஸி.யில படிச்ச எதுவும் எனக்கு அவ்வளவு அழகாத் தெரிஞ்சதில்ல.

"மூணுக்கும் டொமைன் என்ன?"

"ஒண்ணுதான் மிஸ்! மத்தியானத்துலேருந்து மத்தியானம் வரைக்கும்!"

"ரேஞ்ச்?"

"ஒண்ணுதான் மிஸ்! அஞ்சும் ஆறும்!"

"ஃபங்ஷன்?"

அந்த விசில் பயதான் சொன்னான். "மூணும் வேற வேற, மிஸ்."

"ஏன்?"

"ராத்திரி எட்டு மணின்னு கேட்டா இவன் ஆறுங்குறான், நீங்களும் அவனும் அஞ்சுங்குறீங்க. விடியக்காலை நாலு மணின்னா நீங்களும் ஆறு, அவன் மட்டும் அஞ்சு."

எனக்கு அவனைக் கட்டிப்புடிச்சுக்கணும் போல இருந்துச்சு! டொமைனும் ரேஞ்சும் ஒண்ணா இருந்தா ஃபங்ஷனும் ஒண்ணா இருக்கணும்னு இல்லைங்குறதை நான் சொல்லவே இல்ல, அவனா சொல்லிட்டான். அதுக்கு மேல என்னை நிறுத்த முடியுமா? பச்சைக் கோடு குதிக்கிற இடத்துல அந்தப் பையன் வட்டமும் புள்ளியும் வைக்காம விட்டிருந்தான். "சரியா மஃரிப் நேரம். அந்த நொடி எந்தப் பக்கம்?"

அவன் யோசிக்கவே இல்ல. "அந்த நொடி புது நாளுதான் மிஸ். பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம் வாயில. அதுக்கு முன்னாடி தொட்டா அன்னிக்கு வெச்ச நோன்பு போச்சு." சொல்லிக்கிட்டே கீழ காலி வட்டமும் மேல அடைச்ச புள்ளியும் வெச்சான். புள்ளியை அவ்வளவு அழுத்தி வெச்சான், சாக்பீஸ் ஒடிஞ்சுபோச்சு. பாவம், பசி.

அதுவரைக்கும் வாயே திறக்காத முன் பெஞ்சுப் பொண்ணு, பேனாவைக் கீழ போட்டவ, மெதுவா கையைத் தூக்கினா. "ரெண்டு பக்கமும் காலி வட்டமா விட்டா என்ன ஆவும் மிஸ்?"

"நீயே சொல்லு."

"அந்த நொடிக்குக் கிழமையே இருக்காது." கொஞ்சம் யோசிச்சா. "அப்போ டொமைன்ல ஒரு ஓட்டை விழுந்துடும்."

"ரெண்டு பக்கமும் அடைச்சுட்டா?"

"ஒரே நொடி வியாழனும் வெள்ளியும். அது ஃபங்ஷனே இல்ல மிஸ்."

மணி அடிச்சது எனக்குக் கேக்கல. பசங்க ஒருத்தனும் எழுந்திருக்கல, அதான் தெரியல. பிரின்சிபால் வந்து வாசல்ல நின்னதுக்கு அப்புறம்தான் கையெல்லாம், புடவையெல்லாம் மூணு கலர் சாக்பீஸோட நிக்கிறேன்னு பாத்தேன்.

வேலை கிடைச்ச மாதிரிதான்னு மிதந்துக்கிட்டே பிரின்சிபால் ரூமுக்குப் போனேன். அங்க போனா காத்து வேற மாதிரி அடிக்குது. கரஸ்பாண்டென்ட் நடு நாற்காலியில. துறைத் தலைவர் பக்கத்துல, என் முகத்தைப் பாக்காம ஜன்னலைப் பாத்துக்கிட்டு.

"பாடம் நல்லாத்தான் நடத்துனீங்க"ன்னாரு கரஸ்பாண்டென்ட். "கொஞ்சம் சத்தம் ஜாஸ்தி. பரவால்ல. ஆனா வகுப்புக்கு வர்ற வழியில உங்க மாமாகிட்ட பேசிக்கிட்டு இருந்தேன். உங்களுக்குக் கல்யாணம் ஏறக்குறைய முடிவாயிடுச்சாமே? மாப்பிள்ளை வீட்டுல வேலைக்கு அனுப்ப மாட்டாங்களாமே?"

மாமா! வேர்க்கடலை வாங்கிக் கொடுத்த மாமா! வந்தது அழுகையா கோபமான்னு எனக்கே தெரியல. ரெண்டும்தான். இவ்வளவு நேரம் போர்டுல ஆடின ஆட்டமெல்லாம் வராண்டாவுல ஒரே வார்த்தையில போச்சே!

"ஏற்கெனவே ஒருத்தர் நடுவுல விட்டுட்டுப் போயிட்டாரு"ன்னு அவரு சொல்லிக்கிட்டே போறாரு. "நீங்களும் போனா பசங்க கதி? அதனால தெளிவா கேக்குறேன். கல்யாணத்துக்கு முன்னாடி நீங்க என்ன பண்ணுவீங்க, கல்யாணத்துக்கு அப்புறம் என்ன பண்ணுவீங்க? ரெண்டையும் தனித்தனியா சொல்லுங்க."

வாயைத் திறந்தா கத்திடுவேன். மேசை மேல இருந்த ஒரு வெள்ளைத் தாளை, கேக்காமத்தான், இழுத்தேன். அடிக்கோடு போட்டு, வருஷம்னு எழுதினேன். நடுவுல ஒரு இடத்துல, கல்யாணம்னு எழுதினேன். மேல ஒரு உயரத்துல, வகுப்புன்னு எழுதி, இந்த ஓரத்துலேருந்து அந்த ஓரம் வரைக்கும் ஒரே கோடு இழுத்தேன். கல்யாணத்துக்கு நேர்மேல வந்தப்போ கையை எடுக்கல. தாளைத் திருப்பி அவரு பக்கம் தள்ளினேன்.

துறைத் தலைவர் ஜன்னலை விட்டுட்டுத் தாளை எட்டிப் பாத்தாரு. "கல்யாணத்துகிட்ட வட்டமும் காணோம், புள்ளியும் காணோமேம்மா?"

"அங்க ஒடையல சார். ஒடைஞ்சாத்தானே வட்டம் வேணும்?"

கரஸ்பாண்டென்ட் தாளை இப்படியும் அப்படியும் திருப்பினாரு. "நான் முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணுன்னு ரெண்டு கேட்டேன். இதுல ஒண்ணுதானே இருக்கு?"

"ரெண்டு துண்டா கேட்டது நீங்க சார். நான் ஒண்ணுதான்."

சொல்லிட்டேன். துறைத் தலைவர் அந்தத் தாளை எடுத்து, நாலா மடிச்சு, சட்டைப் பையில வெச்சுக்கிட்டாரு. "திங்கக்கிழமை முதல் பீரியட் இந்தப் பொண்ணுக்குத்தான்"னு கரஸ்பாண்டென்ட்டைப் பாக்காமலே சொன்னாரு. கரஸ்பாண்டென்ட் ஏதோ சொல்ல வாயெடுத்தாரு, அப்புறம் பெருமூச்சு விட்டுட்டு, "நேரத்துக்கு வந்துடணும்"னாரு.

வெளிய மாமா எழுந்து நின்னாரு. என் முகத்தைப் பாத்ததும் அவருக்குப் புரிஞ்சுபோச்சு. திட்டணும்னு வெச்சிருந்த வார்த்தையெல்லாம் எங்க போச்சோ, எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு.

"திங்கக்கிழமை எனக்கு வகுப்பு மாமா."

மாமாவும் நானும் ஸ்டேஷனுக்கு நடந்தோம். பிளாட்பாரம் கண்ணுக்குத் தெரியுற இடத்துல நின்னு, "மாப்பிள்ளை வீட்டுக்கு நான் என்னம்மா சொல்றது?"ன்னாரு. பாவமாத்தான் இருந்துச்சு.

"வேலைக்குப் போற பொண்ணுதான்னு சொல்லுங்க. இன்னிக்கும் போறா, கல்யாணத்துக்கு மறுநாளும் போவான்னு சொல்லுங்க. அதுக்குச் சம்மதம்னா அடுத்த வருஷம் வரட்டும். இல்லைன்னா வேற வீடு பாத்துக்கட்டும்."

"உனக்கு வாய் ஜாஸ்தி"ன்னாரு மாமா.

"ஆமாம் மாமா. அதுக்குத்தான் சம்பளம் கொடுக்கப் போறாங்க."

கடலூர் வண்டி ஊதிடுச்சு. இருபத்தி ரெண்டு வயசுப் பொண்ணு, அதுவும் திங்கக்கிழமைலேருந்து காலேஜ்ல மிஸ், ரோட்டுல ஓடலாமா கூடாதான்னு நான் யோசிக்கல. புடவையைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு ஓடினேன். மாமா மூச்சு வாங்கிக்கிட்டே பின்னாடி வந்தாரு.